ஜாவாவும் எங்கள் மாமாவும்

விவேக் நகரில் வசிக்கும் நம்மவர்க்கு வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு திருத்தலத்துக் கூட்டந்தான் முதலில் நினைவுக்கு வரும். மெழுகுவத்தியும் பூமாலையும் ஏந்தியவர்கள் சாதி சமய பேதமின்றி வந்து நிறைவார்கள். தெருவில் கால் வைக்க இடமிராது. எனக்கோ அந்நாளோடு சேர்ந்து எழுவது எண்ணெய் கலந்த பெட்ரோலின் புகை நாற்றமும், இரட்டைக் குழல்களின் வழியே வரும் ஒரு தனி ஓசையுமாகும். நவநாள் செபத்துக்கு வருவோர் சிலர் தம் மோட்டார் சைக்கிளை என் தாய்மாமனின் பட்டறை வாசலில் விட்டுச் செல்வார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மாமா கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியிருப்பார்.

மாமா குடியாத்தம் பக்கத்திலிருந்து 1967-இல் பெங்களூருக்கு வந்தவர். சிவாஜி நகரில் ஒரு பட்டறையில் ஏழாண்டுகள் கையாளாக இருந்து, பிறகு விவேக் நகரில் தகரக் கொட்டகை ஒன்றைத் தமக்கெனப் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டர் வந்தாலும் புல்லட் வந்தாலும் அடுத்த தெருவுக்கு அனுப்பி விடுவார். ஜாவா, அதன் பின் பிறந்த யெஸ்டி, இவ்விரண்டையுமே தொடுவார். “பல வீட்டுக்குச் சம்பந்தி ஆனவன் எந்த வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட முடியாது” என்பது அவர் சொல்லும் காரணம். அத்தைக்கு இந்தக் காரணம் என்றுமே விளங்கியதில்லை.

அந்த வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். செக்கோஸ்லோவாகியாவில் யானெசெக் என்பவர் 1929-இல் வாண்டரர் என்னும் ஜெர்மானியக் கம்பெனியின் மோட்டார் சைக்கிளைச் செய்யும் உரிமையைப் பெற்றார். தம் பெயரின் முதலெழுத்துகளையும் அதன் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஜாவா’ என்று பெயரிட்டார். நம் நாட்டில் வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், ருஸ்தும் இரானி, ஃபரோக் இரானி என்னும் பார்சி வணிகர்கள் அவ்வண்டியை இங்கேயே செய்ய முனைந்தார்கள். மைசூரின் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை எழுந்தது. அன்று மைசூர் ராஜ்யத்தின் கவர்னராக இருந்த ஜயசாமராஜேந்திர உடையார் அதனைத் திறந்து வைத்தார். 1961-இல் உற்பத்தி தொடங்கிற்று. 1970-களில் செக் நாட்டுப் பெயர் விலகி ‘யெஸ்டி’ என்னும் பெயர் வந்தது. பாரசீகத்திலுள்ள யஸ்து நகரம் இரானி குடும்பத்தாரின் பூர்விகம் என்றும், அதன் நினைவாக வைத்த பெயர் அது என்றும் கூறுவர். 1978-இல் வந்த ‘ரோட்கிங்’ அவற்றுள் மிகப் புகழ் பெற்றது.

250 சி.சி. கொண்ட ஒற்றைச் சிலிண்டர். ஆனால் சைலன்சர்கள் இரண்டு. உதைத்துக் கிளப்பும் கிக்கரே, முன்புறம் மடக்கினால் கியர் மாற்றும் நெம்புகோலாகிவிடும். அதை அழுத்தும்போது கிளட்சும் தானே விலகிக் கொடுக்கும். பழகியவர்கள் கைப்பிடியைத் தொடாமலே கியர் மாற்றுவார்கள். டூ ஸ்ட்ரோக் இயந்திரமாதலால் பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். அளவு குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கும் சைலன்சரும் கரி அடைத்துக்கொள்ளும். சைலன்சருக்குள் இருக்கும் குழலை உருவி நெருப்பில் காட்டிக் கரி நீக்குவது சிறுவர்களாகிய எங்கள் வேலை. அதற்கு மாமா தரும் கூலி ஒரு தேங்காய் பன்.

இத்தனை நல்ல வண்டி ஏன் அழிந்தது என்று கேட்கலாம். 1984-இல் ஓசூரில் சுஸூகியின் துணையோடும், 1985-இல் ஹோண்டாவின் துணையோடும், அடுத்தடுத்து யமஹா, கவாஸாகி இவற்றின் துணையோடும் 100 சி.சி. வண்டிகள் இந்நாட்டில் வரத் தொடங்கின. ஹீரோ ஹோண்டா வண்டி லிட்டருக்கு 80 கிலோ மீட்டர் ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். யெஸ்டியோ ஏறக்குறைய 30-க்கு மேல் தராது. மாதச் சம்பளக்காரன் எதனைத் தேர்வான்? தொழிற்சாலைக்குள் தொழிலாளர் தகராறுகளும் இருந்தன. 1991-இலும் மறுபடி 1996-இலும் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கழுத்தை நெரித்தன. 1996-இல் யாதவகிரியின் கதவு மூடப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1955-இல், சென்னையில் தொடங்கித் திருவொற்றியூரில் வளர்ந்த என்ஃபீல்டும் அதே புயலில் சிக்கியது. கனத்த வண்டி, குறைந்த மைலேஜ், நலிந்த விற்பனை எல்லாம் அதற்கும் உண்டு. ஆனால் 1990-களில் ஐஷர் கம்பெனி அதனை வாங்கிக்கொண்டது. 2000-இல் அதையும் மூடிவிடலாமா என்று ஐஷர் நிர்வாகம் யோசித்தபோது, உரிமையாளர் குடும்பத்து இளைஞர் ஒருவர் எனக்குச் சிறிது காலம் கொடுங்கள் என்று கேட்டுப் பொறுப்பேற்றார். புல்லட் பிழைத்தது. யெஸ்டிக்கு அப்படிக் கேட்க ஆளில்லை என்றே நான் கருதுகிறேன். வண்டியின் தரத்தில் ஏற்றத்தாழ்வு கண்டு இதனை விளக்க முற்படுவோரின் கூற்று எனக்கு ஏற்புடையதன்று.

கதவு மூடிய செய்தி வந்த வாரத்தில் மாமா ஒன்றும் பேசவில்லை. மறுவாரம், சேமித்து வைத்திருந்த பணத்தோடு ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் பிஸ்டன், ரிங்கு, கிளட்சுத் தட்டு, கேபிள் என்று அகப்பட்டதையெல்லாம் மூன்று ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது மூத்த மகளின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம்.

“ஏங்க, செத்துப்போன வண்டிக்கு யாராவது சீதனம் வாங்குவாங்களா?” என்றாள் அத்தை.

“வண்டி சாகலை. செய்யறவன்தான் போயிட்டான். ஓட்டறவன் இருக்கானே” என்றார் மாமா.

கல்யாணம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. அத்தையின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. மகன், அப்பாவின் பட்டறையில் இனி எதிர்காலம் இல்லை என்று சொல்லி, ஓசூரில் புது வண்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் 100 சி.சி. வண்டியில் வீட்டுக்கு வரும்போது, மாமா அதனை வாசலில் நிறுத்தச் சொல்லாமல் தெருமுனையில் நிறுத்தச் சொல்வார். இது குழந்தைத்தனந்தான். ஆயினும் அவர் கைக்குத் தெரிந்த ஒரே வித்தையை உலகம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆண்டு அது.

2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாளிதழில் ஒரு செய்தி கண்டேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஈஸ்ட் ட்ராய் என்னும் சிற்றூரில் எரிக் பியூல் என்னும் பொறியாளர் நடத்திய பந்தய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை மூடப்பட்டது என்பதே அது. இவர் முன்னம் ஹார்லி டேவிட்சனில் பணியாற்றியவர். இவர் தொடங்கிய முதற் கம்பெனியை ஹார்லி சிறிது சிறிதாக வாங்கி, 2009-இல் இழுத்து மூடிற்று. உடனே அவர் தம் பெயரிலேயே மறுபடி தொடங்கினார். 2013-இல் நம் நாட்டு ஹீரோ நிறுவனம் 2 கோடி 50 லட்சம் டாலர் கொடுத்து அதில் 49.2 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. ஹோண்டாவைப் பிரிந்த பிறகு ஹீரோவுக்குப் புதுத் தொழில்நுட்பம் வேண்டியிருந்தது. பியூலுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஈராண்டுகூட நிற்கவில்லை. 126 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். இரு தரப்பாரும் சேர்ந்து உருவாக்கி 2014 கண்காட்சியில் காட்டிய 250 சி.சி. வண்டி விற்பனைக்கு வராமலே போயிற்று. மைசூர் வண்டியை வீழ்த்திய அணியில் முதல்வனாக நின்ற ஹீரோவே இந்தக் கதையிலும் வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். டாலர் கணக்கு அவர் காதில் ஏறவில்லை. “அந்த வண்டியை வாங்கினவங்க எத்தனை பேருப்பா? அவங்களுக்கு ரிப்பேர் பார்க்கிறவன் ரிங்குக்கு எங்கே போவான்?” என்று கேட்டார்.

மாமாவின் சரக்கு வீண் போகவில்லை. கணிப்பொறிக் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள், பாட்டன் ஓட்டிய ஜாவாவைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு கோரமங்கலத்திலிருந்தும் தொம்மலூரிலிருந்தும் அவரைத் தேடி வரலானார்கள். ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறன்று ஜாவா, யெஸ்டிக்காரர்கள் கூடிக் கொண்டாடும் வழக்கமும் உண்டு. தகரப் பெட்டிகளில் கிடந்த பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. பல ஆண்டுக்குப் பின் சங்கிலியும் மீண்டது. நாகரிகம் மாறிவிட்டது என்று அத்தை அதை அழித்து வேறாகச் செய்துகொண்டாள்.

மஹிந்திராவைப் பெரும்பங்குதாரராகக் கொண்ட ஒரு நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மறுபடி வெளியிட்டது. செய்வது மைசூரில் அன்று, மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில். யெஸ்டி என்னும் பெயர் யாருக்கு உரியது என்பது பற்றிக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது.

ஓசூர் மகன் புது ஜாவா ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி ஓட்டி வந்தான். அதை மட்டும் மாமா வாசலில் நிறுத்தச் சொன்னார். இரட்டைச் சைலன்சரைத் தடவிப் பார்த்தார். கிக்கரைத் தேடினார், இல்லை. மகன் பொத்தானை அழுத்தினான். மாமா சிறிது நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்து, “பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டாமா?” என்றார். “வேண்டாம்பா, இது ஃபோர் ஸ்ட்ரோக்” என்றான் மகன். “அப்படியா” என்று சொல்லிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து காத்துக் கிடந்த 1974 வண்டியின் மேக்னட்டோ மூடியைக் கழற்ற உட்கார்ந்தார்.