ஒற்றைக் கண் வண்டி

டொரன்டோ

அன்புள்ள அண்ணனுக்கு,

பனி கரைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் செல்லப் பிள்ளையைக் கராஜிலிருந்து வெளியே எடுத்தார்: 1991இல் ஜப்பானில் செய்த இரண்டு சீட்டு கார். முன்விளக்குகள் பானட்டோடு பானட்டாகப் படுத்திருக்கும்; சுவிட்சைப் போட்டால் எழுந்து முழிக்கும். இந்த வருஷம் வலது கண் எழவில்லை. “மோட்டார் போச்சு” என்று தானே தீர்ப்பெழுதி, பழைய பார்ட்ஸ் கடையில் விலையும் பேசிவிட்டார். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் சும்மா இருப்பேனா?

முதலில் பியூஸைப் பிடுங்கினேன். கையை உள்ளே விட்டிருக்கும்போது விளக்கின் மூடி அசைந்தால் விரல் போய்விடும். மோட்டாரின் தலையில் ஒரு ரப்பர் மூடி, அதனடியில் கையால் சுற்றும் குமிழ். நடுவழியில் மோட்டார் கைவிட்டாலும் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேரலாம். சுற்றினேன், விளக்கு மெல்ல மெல்ல எழுந்தது. பல்சக்கரம் தேயவில்லை, விளக்கைத் தூக்கும் கம்பி இறுகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. குமிழ் சுற்றியும் விளக்கு அசையாதிருந்தால் பெரியவர் சொன்னதே சரி என்றிருப்பேன்.

பியூஸை மாட்டினேன். இடது வலது ரிலேக்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்; கோளாறு வலது பக்கத்தைவிட்டு நகரவில்லை. பிறகு நம் டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மோட்டாருக்கு வரும் ஒயரைத் தொட்டேன்: பளிச். அதே கிளிப்பை மோட்டாரின் எர்த் ஒயருக்கு மாற்றினேன்: இருட்டு. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை!

எர்த் ஒயரைப் பாடியில் முடுக்கிய இடத்தில் பச்சையாகக் களிம்பு. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டும் ஊரல்லவா இது. உப்புத்தாளால் சுரண்டி முடுக்கியதும் இரண்டு கண்ணும் ஒன்றாக விழித்தன.

1935இல் நியூயார்க் கண்காட்சிக்கு வந்த கார்ட் 810 வண்டியில் இப்படி மறையும் விளக்குகளை ஓட்டுநரே கைப்பிடி சுற்றி எழுப்ப வேண்டும், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. மோட்டாரே இல்லை, பிறகெங்கே ரிப்பேர்! 2004இல் கொர்வெட்டும் லோட்டஸ் எஸ்பிரியும் இந்த விளக்கைக் கைவிட்டன. பெரியவருக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

பேசி வைத்த மோட்டாரை வேண்டாமென்று சொல்லிவிட்டார். வேலை முடிந்த கையோடு டெஸ்ட் லேம்ப்பைக் கீழே போட்டு பல்பை உடைத்துவிட்டேன், திட்டாதீர்கள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது இரண்டு பல்பு கொடுத்தனுப்புங்கள்.