சிங்கப்பூரில் ஒரு பால்மரம்

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனையோ மகளையோ பார்க்கப் போகாத குடும்பம் இன்று தோட்டப்புறத்தில் அரிது. ஜொகூர் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், ஒரு பை முறுக்கு என்று புறப்பட்டு விடுகிறோம். அக்கரையில் இருக்கும் பிள்ளையும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் முழுவதையும் காட்டிவிடத் துடிக்கிறது. ஆனால் சின்னவர்களுக்கு ஓடப் பிடிக்கும். பெரியவர்களுக்கு உட்காரப் பிடிக்கும். இந்த இரண்டு சாராரையும் ஒன்றாக எங்கே அழைத்துப் போவது? நீங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள்.

என் தம்பி அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பள்ளி விடுமுறையின்போது, அப்பா, அம்மா, என் பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேராகப் போனோம். அப்பாவுக்கு அப்போது 74 வயது. பதின்மூன்று வயதில் தம் தாயாரோடு பால் வெட்டப் போனவர். அம்மாவும் பால்மரத்தை நம்பியே எங்களை வளர்த்தவர். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டு வெகு காலமாகிவிட்டது. என் பிள்ளைகளுக்குப் பால்மரம் என்றால் பாடப்புத்தகத்துப் படம்தான்.

போகும் வழியைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் கூட்ட நேரத்தில் அதைக் கடக்க ஒரு பொழுது ஆகிவிடும். பேருந்தில் போனால் இரண்டு பக்கமும் இறங்கிக் குடிநுழைவுச் சோதனைக்கு ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களை வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் அழைத்துப் போகாதீர்கள். கடப்பிதழோடு, சிங்கப்பூர் வருகை அட்டையையும் மூன்று நாட்களுக்குள் கைப்பேசியில் நிரப்பி அனுப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடத்தில் நிரப்பாதீர்கள். இன்னொன்று: பாட்டிமார்களின் வெற்றிலைப் பையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. இதைச் சொன்னபோது அம்மாவுக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

முதல் நாள் தம்பி போட்ட திட்டப்படி நடந்தது. சிங்கத் தலையும் மீன் உடலுமாகத் தண்ணீர் கக்கும் மெர்லயன் சிலையைப் பார்த்தோம். 1972இல் திறந்து வைக்கப்பட்ட சிலை அது. 2002இல்தான் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு படியில் உட்கார்ந்து, "பாத்தாச்சுல்ல, போவமா?" என்றார். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் அம்மாவுக்கு நிறைவு. 1819இல் ராஃபிள்ஸ் காலத்தில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் தொடங்கிய கோயில். நம்மவர் ஒருவர் இந்த ஊரின் ஆரம்பத்திலேயே செங்கல் சூளை வைத்திருந்தார் என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேக்கா சந்தையில் சாப்பாடு. மாலையில் எல்லாருடைய கால்களும் ஓய்ந்துவிட்டன. அப்பா அன்று முழுவதும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

மறுநாள் காலை தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். உட்லண்ட்ஸிலிருந்து நேப்பியர் நிலையத்துக்கு ரயிலில் வண்டி மாறாமல் போகலாம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள். நடுநிசி வரை மூடுவதில்லை. உள்ளே ஆர்க்கிட் மலர்த் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. வெயில் ஏறுமுன் போய்விட்டால் பெரியவர்கள் நிழலில் நடக்கலாம், உட்காரலாம். பிள்ளைகள் புல்தரையில் ஓடலாம். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் ஒரு மரம் இருக்கிறதல்லவா, அந்தத் தெம்பூசு மரம் இங்கேதான் நிற்கிறது. என் மகன் நோட்டைத் தூக்கிப் பிடித்து, தாழ்ந்து நீண்ட அதன் கிளையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இந்தப் பூங்காவுக்கும் நமக்கும் உள்ள உறவு அந்த மரத்தில் இல்லை. தோட்டத்து மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. 1876இல் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றிலிருந்து 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிய மரம் இங்கே வந்து இறங்கிய கதை இவ்வளவுதான்.

கன்று வந்தது, வெட்டத்தான் தெரியவில்லை. பிரேசில் காடுகளில் கோடாரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். அதனால் மரம் புண்ணாகும். 1888இல் இந்தப் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே கோட்டை மறுபடியும் மறுபடியும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். காப்பி போட்டிருந்த துரைமார்களிடம் ரப்பர் நடச் சொல்லி விதைகளை நீட்டிக்கொண்டே அலைந்தாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டினார்கள். 1896இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனர்தாம் துணிந்து முதன்முதலில் தோட்டமாகப் போட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, நம்மவர்களைக் கூட்டி வரக் கங்காணிகளும் கிளம்பினார்கள். ரிட்லி நூறு வயது கண்டு 1956இல்தான் காலமானார்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆசிரியர் புத்தி எங்கே போகும்! என் மகள் பாதி கேட்டாள்; பாதியில் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அப்பா நின்றார்.

"ஏய், இது நம்ம பால்மரம்ல?"

எதிரே ரப்பர் மரம். பெயர்ப்பலகையை அவர் பார்க்கவில்லை. பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பழைய நண்பனின் தோளில் கை வைப்பது போல இருந்தது எனக்கு. பிறகு குடைக்காம்பை எடுத்து, மரத்தில் படாமல், காற்றிலேயே ஒரு சாய்கோடு போட்டார்.

"இங்க வாம்மா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. இப்படித்தான் கத்தி இறங்கணும்."

"ஏன் தாத்தா, நேராக வெட்டினால் என்ன?"

"பால் ஓடி வரணும்ல? கீழ மங்கு இருக்கும், அதுல விழணும்."

பட்டைக்குள் பால் செல்லும் நுண்குழாய்களும் சற்றுச் சாய்ந்தே ஓடுகின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் திறக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவின் கைக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது. தம் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டி, ஒரு வெட்டில் இவ்வளவு பட்டைதான் போகலாம் என்றார். ஆழம் போனால் மரத்தில் காயம். காயம் பட்டால் கங்காணியின் வசவு. ரிட்லி காலத்துப் படங்களில் மரத்தின் இரண்டு பக்கமும் மீன்முள் போலக் கோடுகள் இருக்கும் என்று நான் சொன்னதும், "அப்படிக் கீறினா மரம் எத்தன வருசம் தாங்கும்?" என்று கேட்டார். பிற்காலத்தில் தோட்டங்கள் அந்த முறையைக் கைவிட்டு ஒரே சாய்வெட்டுக்கு மாறியது உண்மைதான்.

லேசாகத் தூறல் விழுந்தது. அம்மா வானத்தைப் பார்த்து, "மழ வந்தா வேல இல்ல, வேல இல்லன்னா சம்பளம் இல்ல" என்றார். மகன் விழித்தான். பட்டை நனைந்தால் பால் மங்கில் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும் என்று அவனுக்கு விளக்கினார். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, நெற்றி விளக்கோடு நிரை நிரையாக ஓடியது, கொசுக்கடி, காண்டா வாளி தோளை அறுத்தது என்று பேச்சு வளர்ந்தது. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாகச் சுரக்கும், அதற்காகத்தான் அந்த விடியற்காலை ஓட்டம் என்று அப்பா சேர்த்துக்கொண்டார். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் இருவர்கூட நின்று, அப்பாவின் குடைக்காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். முதல் நாள் வாயே திறக்காத மனிதர் ஒன்றரை மணி நேரம் பேசினார். மகள் அணிலை மறந்து, "எத்தனை மரம் தாத்தா ஒரு நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பெற்றோரை வரவழைக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் பட்டியல் போடும்போது உயரமான கட்டடங்களோடு இப்படி ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பேச ஏதாவது இருக்கிற இடமாக அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கையில் தண்ணீர், குடை, அவர்கள் வேளைக்குச் சாப்பிடும் மருந்து இருந்தால் சரி. பூங்காவில் கிளை ஒடிப்பது, விதை பொறுக்குவது கூடாது; பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பேராக் பக்கத்து வாசகர்கள் இதற்காக எல்லை தாண்ட வேண்டியதில்லை. அந்த இருபத்திரண்டில் ஒன்பது கன்றுகளைக் கோல கங்சாரில் ஹியூ லோ நட்டார். அவற்றில் ஒன்று என்று போற்றப்படும் மரம் அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கம் நிற்கிறது. இதைக் கேட்டதிலிருந்து அப்பா தம்பியிடம் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "அடுத்த லீவு எப்படா?"