தேவதைகளின் பங்கு

பேர்பன் விஸ்கி பீப்பாவினுள் இறங்கும்போது தண்ணீரைப் போல நிறமற்றிருக்கும். நிறத்தையும் சுவையின் பெரும்பங்கையும் அதற்கு அளிப்பது, உட்புறம் தீயிற் கருக்கப்பட்ட புதிய ஓக் மரமே. கருகிய படையின் கீழ் மரத்தின் இனிப்புப் பாகாகி நிற்கின்றது. கென்ரக்கி மாநிலத்துக் கோடையில் மதுசாரம் விரிந்து மரத்தினுள் நுழைகின்றது; குளிரிலே சுருங்கி, வனிலா மணத்தையும் அப்பாகின் இனிப்பையும் வாரிக்கொண்டு மீள்கின்றது. களஞ்சியத்தின் மேற்றட்டில் வெப்பம் மிகுதி; அங்கே முதிர்ச்சியும் விரைவு. இந்த இரசாயனத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஆண்டு கூடக்கூடச் சுவையும் கூடும் என்பது வணிகர் வளர்த்த நம்பிக்கை. அளவு மீறினால் மரத்தின் கசப்பே மேலோங்கும்.

ஆண்டுதோறும் ஒரு பகுதி ஆவியாகிப் போகின்றது. அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர்! 12 ஆண்டிலே பீப்பா பாதியளவு வெறுமையாவதும் உண்டு. எஞ்சியது 'வரையறுத்த வெளியீடு' என இலக்கமிடப்பட்டுப் பெருவிலைக்குப் போகின்றது.

தேவதைகளுக்குப் பங்கு எழுதியவர்கள் பீப்பா உருட்டுவோரின் பங்கைப் பற்றிப் போத்தலில் எதுவும் எழுதுவதில்லை. 2016 இலும் 2018 இலும் கென்ரக்கி வடிசாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 2021 இல் பாட்ஸ்ரவுண் நகரில் 400 பேருக்கு மேல் ஏறத்தாழ 6 வாரம் வாயிலுக்கு வெளியே நின்றனர். வேலைநேரமும் மருத்துவக் காப்புறுதிச் செலவுமே அவர்களது வழக்கு. அவ்வாரங்களிலும் உள்ளே விஸ்கி முதிர்ந்துகொண்டுதான் இருந்தது.