ஏழு துளைகளும் மூன்று பற்களும்

நாகஸ்வரத்தைக் கையிலெடுத்து ஐம்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்ட ஒருவன் தன் வித்தையைப் பற்றி நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால், கேட்ட கச்சேரிகளையும் பெற்ற சன்மானங்களையும் சொல்வான் என்றே வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது, ஒரு வைகாசித் திருவிழாவில், சுவாமி புறப்பாடு முடிந்து திரும்புகையில் கோபுர வாசற்படியில் இடறி விழுந்து, மேல்வரிசை முன்பற்கள் மூன்றை இழந்த இரவுதான். அப்போது எனக்கு வயது 38.

பல் போனால் மற்றவர்களுக்குப் போவது முகத்தின் லக்ஷணம். நாயனக்காரனுக்குப் போவது ஜீவனம். காவிரிக் கரை நாணலில் செய்த சீவாளியை இரண்டு உதடுகளுக்கு இடையே ஏந்தி வாசிக்கிறோம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். அந்த உதடுகளுக்குப் பின்னால் சுவர்போல நின்று தாங்குகிறவை முன்பற்கள் என்பது, அவை இருக்கும்வரை எங்களுக்கே தெரிவதில்லை. சுவர் சரிந்தால் உதடு உள்வாங்கும். உதடு உள்வாங்கினால் சுருதி இறங்கும்.

பல்செட்டுக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நேராதவன்போல ஒரு கல்யாணத்திற்குப் போனேன். கல்யாணி ராகத்தை எடுத்துக்கொண்டு மேலே போகப் போக, செட்டு மெல்ல அசைந்தது; பிரதிமத்யமம் தன் ஸ்தானத்தை விட்டு நழுவிச் சுத்த மத்யமத்தின் வாசலில் போய் நின்றது. தவில்காரர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாரை முறுக்குவதுபோலப் பாவனை செய்தார். சபையார் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அதற்குப் பிறகு மேளச் செட்டில் எனக்குக் கிடைத்த இடம் ஒத்து. இக்காலத்துப் பிள்ளைகள் ஒத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். அந்த ஸ்தானத்தைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டுவிட்டது. நாயனம்போலவே உருவமுடையதாயினும், ராகமோ கீர்த்தனையோ வாசிப்பதற்கு இடமில்லாமல், ஆதார சுருதி ஒன்றையே மணிக்கணக்கில் அறாது ஊதுவதற்கென்று ஏற்பட்ட வாத்தியம் அது. பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்று உலகம் ஏளனம் செய்வதும் அதனால்தான். நேற்றுவரை நடுவே நின்று வாசித்தவன் இன்று பின்னால் நின்று ஒத்து ஊதுவதென்றால், அந்த அவமானத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு முன்பு அந்த ஒத்தைப் பிடித்திருந்த கிழவரிடம்தான் என் இரண்டாவது குருகுலவாசம் தொடங்கிற்று. அவருக்குப் பல்லே கிடையாது. அந்த வாயை வைத்துக்கொண்டு இராமுழுவதும் ஊதியவர் அவர் என்பது, அதே மேளச் செட்டில் பல வருஷங்கள் இருந்தும், அதுவரை என் கண்ணில் படவில்லை.

"தம்பி, நீ உதட்டாலேயே பிடிக்கப் பார்க்கிறே. வயித்தாலே பிடி. உதடு சும்மா வழிவிட்டா போதும்" என்றார்.

மறுநாள் பப்பாளி இலைக் காம்பு ஒன்றை நறுக்கிக் கொடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் அதை விட்டு ஊதச் சொன்னார். மூக்கால் மூச்சை வாங்குகிற அதே கணத்தில், கன்னத்தில் சேர்த்துவைத்த காற்றை வெளியே தள்ள வேண்டும். தண்ணீரில் கிளம்பும் குமிழி ஒரு நொடியும் நிற்கக்கூடாது. முதல் நாள் நாலைந்து மூச்சுக்குள் குமிழி அறுந்துபோயிற்று. ஆடி பிறந்து தை வரும்வரை, விடியற்காலையில் கொல்லைத் திண்ணையில் சொம்பும் காம்புமாக உட்கார்ந்திருந்தேன். குமிழி அறாமல் நின்ற நாளில் கிழவர் சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, காப்பி சாப்பிடு" என்றார். நான் வாங்கிய பட்டங்களில் அதற்கு ஈடானது வேறில்லை.

அந்தத் திண்ணையில்தான் என் வாத்தியத்தை நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நாயனத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. ஸ்வர ஸ்தானங்களோ பன்னிரண்டு. குழலின் விரிந்த அடிப்பாகமான அனசுக்கு அருகிலுள்ள பிரம்ம ஸ்வரத் துளைகள் சுருதியைச் சீர்செய்வதற்கே அன்றி விரலுக்கு உரியவை அல்ல. மேல்நாட்டுக் குழல்களில் உள்ளவை போன்ற சாவிகளும் இதற்கு இல்லை. மீதி ஐந்து ஸ்வரங்களை, துளையைப் பாதி மூடியும், காற்றை ஏற்றியும் இறக்கியும், வாசிக்கிறவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பற்றாக்குறையிலிருந்துதானே எங்கள் கமகமெல்லாம் பிறக்கிறது! இப்படி ஒரு குறையுள்ள கருவியைப் பிள்ளைப் பிராயம் முதல் கட்டி ஆண்டவன், தன் வாயில் ஒரு குறை வந்தவுடன் வித்தையே போயிற்று என்று அழுதது எவ்வளவு பேதைமை என்று அப்போது வெட்கப்பட்டேன்.

பிறகு செய்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். உச்ச சுருதியில் கணீரென்று ஒலிக்கும் திமிரி நாயனத்தை வைத்துவிட்டு, நீண்ட பாரி நாயனத்திற்கு மாறினேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் பாரியைக் கைக்கொண்டு, தாழ்ந்த சுருதியில் விஸ்தாரமான ஆலாபனைக்கு இடமுண்டு என்று காட்டிச் சென்றது, என் போன்றவனுக்கும் அடைக்கலமாயிற்று. சீவாளியை இன்னும் மெல்லியதாகத் தேர்ந்துகொண்டேன். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டே வாசிக்கப் பழகினேன்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். துரித காலத்தில் நாவை அடித்து வாசிக்கும் துத்துகாரம் பழையபடி வரவேயில்லை. புறப்பாட்டில் மல்லாரியை மூன்று காலத்திலும் முழக்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். ஆனால் அர்த்தஜாமத்தில் பள்ளியறை வாசலில் வாசிக்கும் நீலாம்பரி, பல்லிருந்த காலத்தில் எனக்கு அவ்வளவாகக் கைவந்ததில்லை. சுவாமியைத் துயில வைக்க வேண்டிய ராகத்தைச் சபையை எழுப்புகிற தொனியில் வாசித்துக்கொண்டிருந்தேன். அடங்கிய தொனியில் அறாத மூச்சில் அதை வாசிக்கக் கற்றது இந்த வாயால்தான்.

என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் நல்ல பல்வரிசை இருக்கிறது, நீடூழி இருக்கட்டும். ஆயினும், சீவாளியைத் தொடுமுன், பப்பாளிக் காம்பும் ஒரு சொம்புத் தண்ணீருமாக ஆறு மாதம் அவர்களைத் திண்ணையில் உட்கார வைக்கிறேன்.