காசு கொடுத்து வாங்கிய புத்தகம் யாருடையது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அந்த மாணவருக்கு வயது 17. 2009-ம் ஆண்டு கோடை விடுமுறையில், பள்ளியில் கொடுத்த பாடத்துக்காக ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். காகிதப் புத்தகம் அல்ல. அமேசானின் கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கிய மின்னூல். முக்கியமான இடங்களில் தனக்குத் தோன்றியதையெல்லாம் அதிலேயே குறிப்புகளாக எழுதி வைத்தார்.

ஜூலை மாதத்தில் ஒருநாள், புத்தகத்தைக் காணோம்!

திருடன் வரவில்லை. கருவியும் பழுதாகவில்லை. விற்ற அமேசானே தூரத்தில் இருந்தபடி அதை அழித்திருந்தது. அந்த மின்னூலைக் கடையில் ஏற்றிய நிறுவனத்துக்கு, அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை கிடையாதாம். '1984'-ம் அதே ஆசிரியரின் 'விலங்குப் பண்ணை'யும் இப்படி வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து மறைந்தன. பணம் மட்டும் திரும்ப வந்தது.

'பணம்தான் வந்துவிட்டதே, பிறகென்ன?' என்று தோன்றலாம். அந்த மாணவருக்கு வலித்தது வேறு இடத்தில். எழுதிய குறிப்புகள் ஒரு ஃபைலில் மிச்சம் இருந்தன. ஆனால், எந்த வரிக்கு எதை எழுதினார் என்று பார்க்கப் புத்தகம் இல்லையே! புத்தகத்தின் விலையைத் திருப்பித் தரலாம். அவருடைய உழைப்பை?

இதில் இன்னொரு விநோதம் உண்டு. '1984' நாவலில் வரும் அரசு, தனக்கு ஆகாத ஆவணங்களைச் சுவடே இல்லாமல் எரித்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் திரை, மனிதர்களை வேவு பார்க்கும். கடைசியில் அந்த நாவலுக்கே இந்தக் கதி!

மாணவர் வழக்குத் தொடுத்தார். அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். குறிப்புகளோடு புத்தகத்தைத் திருப்பித் தருவதாகவும், வேண்டாம் என்பவர்களுக்கு 30 டாலர் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில காரணங்கள் தவிர, அமெரிக்க வாசகர்களின் கருவிகளில் இனி இப்படி அழிக்க மாட்டோம் என்று உறுதியும் தந்தது.

ஆனாலும், அடிப்படை விஷயம் மாறவில்லை. 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும், விதிமுறைகளின்படி கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. அலமாரியில் உள்ள புத்தகத்தைப் போல அதைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் தரவோ, பழைய புத்தகக் கடையில் விற்கவோ முடியாது.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், எந்த வரியில் கோடு போட்டார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினிக்குப் போகும். கருவியில் விட்ட இடத்திலிருந்து மொபைலில் தொடர முடிவது அதனால்தான். வசதிதான்! ஆனால், ஒருவர் ரகசியமாகப் படிக்கும் மருத்துவ நூலோ, அரசியல் நூலோ அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இதை யோசித்துத்தான் கலிஃபோர்னியா, வாசகர்களின் படிப்பு விவரங்களை அரசு எளிதில் கேட்டு வாங்க முடியாதபடி ஒரு சட்டம் இயற்றியது. 2012-ல் அது நடைமுறைக்கு வந்தது.

மின்னூலே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. பையில் 100 புத்தகங்களைச் சுமக்கும் சுகத்தை யார் விடுவார்கள்? பேரப்பிள்ளைகள் வரை போக வேண்டிய புத்தகத்தை மட்டும் காகிதத்தில் வாங்கலாம். மற்றவற்றுக்கு, மனதில் பட்டதை அந்த வரியோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். நோட்டை யாரும் தூரத்தில் இருந்து அழிக்க முடியாது!