அடிவானம் தெரியும் வரைதான்

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் பயணிகள் கப்பல். பிரிட்ஜில் நின்று பார்க்க கேப்டனிடம் அனுமதி வாங்கியிருந்தேன். ஜனவரி மாதம் என்பதால் வங்கக் கடல் அடங்கிக் கிடந்தது. செகண்ட் மேட் தூத்துக்குடிக்காரர். பொழுது சாயும் முன்பே ஆல்மனாக்கைப் புரட்டி, எந்த நட்சத்திரம் எந்தத் திசையில், எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும் என்று துண்டுத்தாளில் எழுதிவிட்டார். கெபெல்லா, சிரியஸ், ஃபோமல்ஹாட்.

"திசைக்கு ஒண்ணா இருக்கணும் சார். எல்லாம் ஒரே பக்கம் இருந்தா கோடுங்க ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும்."

நட்சத்திரங்களை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டறியும் இந்த வேலைக்கு வெளிச்சமும் ஆகாது, இருட்டும் ஆகாது. நட்சத்திரமும் தெரிய வேண்டும், அடிவானமும் தெரிய வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை இறங்கும் நேரம்தான் வாகானது. நம் பக்கத்துக் கடலில் அது அரை மணிகூட இல்லை.

கணக்கிட்ட உயரத்துக்கு, கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டைத் திருகி வைத்துக்கொண்டு, பிரிட்ஜின் பக்கவாட்டு மேடையான விங்கில் போய் நின்றார். என் கண்ணுக்கு வானம் வெறுமையாகத்தான் இருந்தது. அவருடைய தொலைநோக்கியில் கெபெல்லா வந்துவிட்டது. கருவியை இடமும் வலமும் மெல்லச் சாய்த்தார். அப்படிச் சாய்க்கும்போது நட்சத்திரம் ஊஞ்சல் போல ஆடுமாம். அந்த ஆட்டத்தின் அடிப்புள்ளி அடிவானத்தைத் தொட வேண்டும். மைக்ரோமீட்டரை விரல்நுனியால் ஒரு மயிரிழை திருகினார்.

"ஸ்டாண்ட் பை... டைம்!"

உள்ளே குரோனோமீட்டர் முன்னால் நின்ற கேடட் முதலில் வினாடியை எழுதினான், அப்புறம் நிமிடம், கடைசியாக மணி.

"நாலு வினாடி பிசகினா ஒரு மைல் போச்சு, தம்பி!"

துருவ நட்சத்திரத்தையும் ஒருமுறை பிடித்தார். அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிறு கோத்த இராப்பலகையால் இதையே அளந்தார்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு.

மற்றதெல்லாம் மேசை வேலை. கருவிப் பிழை, கண் இருக்கும் உயரம், காற்றில் ஒளி வளைவது மூன்றையும் சரிசெய்து, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் செயின்ட் இலேர் 1875-ல் வெளியிட்ட முறைப்படி நட்சத்திரத்துக்கு ஒரு கோடு சார்ட்டில் விழுந்தது. கோடுகள் ஒரே புள்ளியில் கூடவில்லை. நடுவே சின்ன முக்கோணம் விழுந்தது. ஜிபிஎஸ் காட்டிய இடத்துக்கும் அதற்கும் ஒன்றரை மைல்.

ஜிபிஎஸ் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். 2017 ஜூனில் கருங்கடலில் போன சில கப்பல்களை, கரையிலுள்ள விமான நிலையத்தில் நிற்பதாக அந்த ஜிபிஎஸ்தான் காட்டியது. கைவிட்டிருந்த நட்சத்திரப் பாடத்தை அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015-ல் திரும்பச் சேர்த்ததையும் வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது.

முந்தைய கப்பலில் எத்தனை முறை நட்சத்திர அளவு எடுத்தாய் என்று கேடட்டிடம் கேட்டேன். சிரித்தான். "ட்ரெய்னிங் ரெக்கார்ட் புக்ல நெறைய இருக்கு சார்." ஜிபிஎஸ் சொன்ன இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதியவை. செக்ஸ்டன்ட் பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லையாம்.

அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரிகள், ஒரு மாலையாவது பையனோடு விங்கில் நின்று பார்த்துவிட்டுப் போடட்டும்.