மொட்டை மாடியில் ஒரு டிக் டாக்

கல்லூரி விடுதியில் இல்லாமல் மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே படிப்பதில் ஒரு பெரிய வசதி, மொட்டை மாடி. எங்கள் குடியிருப்பில் அதை வடாம் காயப்போட மாமிகளும், சாட்டிலைட் பிடிக்க நானும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

"சாட்டிலைட் பிடிக்க" என்றால் சிலர் சிரிக்கிறார்கள். பெரிய தட்டு ஆன்டெனா, வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிகள் எல்லாம் தேவையில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய கேபிள், 53 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பி (ஆங்கில 'வி' எழுத்து மாதிரி, நடுவில் 120 டிகிரி விரித்து, படுக்க வைக்க வேண்டும்), கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்கென்று விற்ற ஒரு யுஎஸ்பி டாங்கிள். அவ்வளவுதான். கம்பியைப் பார்த்த இரண்டாவது மாடி மாமி, "ஏண்டா, இதுல துணி காயப் போடலாமா?" என்று கேட்டார். போடலாம், ஆனால் சாட்டிலைட் வராத நேரத்தில் மட்டும் என்று சொல்லி வைத்தேன்.

நான் பின்தொடர்ந்தது அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா-15, 18, 19. மூன்றும் துருவப் பாதைக்காரர்கள். சுமார் 800, 850 கி.மீ. உயரத்தில் வடதுருவம், தென்துருவம் என்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 102 நிமிடம். கீழே பூமி தன் பாட்டுக்குக் கிழக்கே சுழல்வதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஒரு பட்டை அதன் கண்ணில் படும். நம் தலைக்கு மேல் நல்லபடியாக வருவது ஒரு நாளைக்குச் சில தடவைதான், அதுவும் கால் மணி நேரத்துக்கு மிகாமல். எப்போது வரும் என்பதைச் சுற்றுப்பாதை எண்களைக் கொடுத்தால் மென்பொருள் நொடி சுத்தமாகச் சொல்லிவிடும். நம்ம ஊர் 29சி பஸ்ஸுக்கு இந்த மாதிரி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வந்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, கேட்கும். 137 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு 'டிக் டாக், டிக் டாக்' எழும்பி வரும். அரை நொடிக்கு ஒரு வரி வீதம் அது படத்தை அனுப்பிக்கொண்டே போகிறது. நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை கூடியும், தாண்டிப் போகும்போது அதே அளவு குறைந்தும் இருக்கும். பிளஸ் டூவில் ரயில் ஊதல் என்று மனப்பாடம் செய்த டாப்ளர் விளைவேதான். பரீட்சையில் எழுதியபோது வராத சந்தோஷம் மாடியில் வந்தது.

எங்கள் மாடிக்குத் தெற்கே ஒரு புது அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. அதனால் தெற்கிலிருந்து ஏறி வரும் சாட்டிலைட்டின் முதல் ஒரு நிமிடம் வெறும் இரைச்சல்தான். அதற்குப் பிறகு இலங்கை, நம் கரை, தக்காணம் என்று வரி வரியாக விரிந்து, நல்ல பகல் நேரமாக இருந்தால் இமயமலைப் பனி வரைக்கும் கிடைக்கும்.

2024 நவம்பர் 29. ஃபெஞ்சல் புயல் வங்கக் கடலில் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது, இன்டர்நெட்டும் போனது. நோவா-15 வரும் நேரம். ஒரு கையில் குடையும் மறு கையில் ஆன்டெனாவுமாக நின்றேன். ஆச்சரியம், அதுவரை நான் பார்த்திராத சுத்தமான சிக்னல்! காரணம் எளிது. சுற்றியுள்ள வீடுகளின் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் கக்கும் ரேடியோ குப்பை அன்றைக்கு முக்கால்வாசி இல்லை. அகச்சிவப்புப் படத்தில் கரையை ஒட்டி ஒரு பெரிய வெள்ளைத் திரள். புயலின் கண் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை, ஆனால் அது எங்கள் அத்தை இருக்கும் புதுச்சேரியிலிருந்து தூரத்தில் இல்லை என்பது தெரிந்தது.

ஒரு வழியாகப் போன் கிடைத்தது. "அத்தை, வண்டியை மேட்டுல ஏத்திடுங்க, சாமானெல்லாம் மேல எடுத்து வைங்க" என்றேன்.

"டிவிக்காரன் மத்தியானமே சொல்லிட்டான்டா. ஏத்தியாச்சு" என்றார் அத்தை.

நியாயம்தான். நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்கு 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இன்சாட் படங்கள் வந்துகொண்டே இருக்கும்போது என் அலுமினியக் கம்பி புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடாது. ஆனாலும் எல்லா ஒயரும் செத்துக் கிடந்த நேரத்தில் அந்தப் படம் யாரையும் கேட்காமல் நேராக மாடிக்கு வந்தது. மறுநாள் இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. அத்தை வீட்டில் தண்ணீர் மூன்றாவது படி வரை வந்து நின்றது.

இந்த மூன்றில் நோவா-19க்கு ஒரு தனிக்கதை உண்டு. 2003ல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் கட்டிக்கொண்டிருந்தபோது, அதைத் தாங்கும் வண்டியில் 24 போல்ட்டுகள் இல்லாததைக் கவனிக்காமல் சாய்த்து, தரையில் விழுந்து நொறுங்கியது. பழுது பார்த்து 2009ல் ஏவினார்கள். விழுந்து எழுந்த அந்தப் பிள்ளை பதினாறு வருடம் உழைத்தது. நோவா-15 இன்னும் மூத்தது, 1998 மே மாதம் போனது. நான் பிறப்பதற்கு முன்பே மேலே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

2025 ஜூன் 6ல் நோவா-18ஐ நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 13ல் 19. ஆகஸ்ட் 19ல் 15. அதற்கு அடுத்த நாளும் பழக்க தோஷத்தில் மாடிக்குப் போனேன். திரையில் புள்ளி சரியான நேரத்துக்கு இலங்கையைத் தாண்டி வந்தது. 137.62ல் இரைச்சல் மட்டும்தான். அந்த உடல்கள் கீழே விழ நூற்றாண்டுகள் ஆகும், அதுவரை ஊமையாக நம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

நம் ஊரிலும் இந்த வம்சம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20ல் போனது (அது துருவப் பாதை அல்ல, 41 டிகிரி சாய்வு). ஓஎம்ஆர் பக்கத்து மாணவர்கள் செய்த ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட் 2016 ஜூன் 22ல், பசுங்குடில் வாயுக்களை அளக்க, துருவப் பாதைக்கே போனது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோளைப் பிடித்தேன். அதே கம்பி, அதே 137 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம். டிஜிட்டல் என்பதால் படம் பல மடங்கு துல்லியம். ஆனால் காதுக்கு 'ஸ்ஸ்ஸ்' என்று தோசைக்கல் சத்தம்தான், டிக் டாக் கிடையாது. அடையாறில் இருக்கும் நண்பன் தனக்கும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறான். அவன் மாடிக்குத் தெற்கே மறைப்பு எதுவும் இல்லையாம். சனிக்கிழமை ரிச்சி தெரு.